தம்பிக்கு மனச்சிதைவு, ஒரு நாளைக்கு 30 சிகரெட். "அதாவது இருக்கட்டும்" என்கிறார் அம்மா

செங்காங்_தங்கம் · செவ்வாய், இரவு 11:48

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னிக்குத்தான் எழுதுறேன்.

என் தம்பிக்கு 34 வயசு. தேசிய சேவை, அதான் கட்டாய ராணுவப் பணி, முடியுற சமயத்துல காதுல குரல் கேட்க ஆரம்பிச்சது. மனச்சிதைவுன்னு சொன்னாங்க. ரெண்டு மூணு மருந்து மாத்திப் பார்த்து, இப்ப ஆறு வருஷமா குளோசபின் சாப்பிடுறான். மாசாமாசம் ரத்தம் எடுக்கணும். குரல் ரொம்பக் குறைஞ்சிருக்கு. குளிக்கிறான், சாப்பிடுறான், எங்களோட உட்கார்ந்து டிவி பார்க்கிறான். முன்னாடி இருந்த நிலைமைக்கு இதுவே எங்களுக்குப் பெரிய வரம்.

ஆனா சிகரெட். ஒரு நாளைக்கு முப்பது. கண்ணு முழிச்சதும் கீழ கோப்பிக்கடையில புகைக்க விட்டிருக்கிற மஞ்சள் கட்டத்துக்குப் போயிடுவான். மதியம் சோறு தட்டுல இருக்கும்போதே எழுந்து போவான். விரல் ரெண்டும் மஞ்சளா கறை பிடிச்சிருக்கு. வாங்கித் தர்றது அம்மா. அவங்களுக்கு 68 வயசு, இன்னும் அரை நாள் பள்ளிக்கூட கேண்டீன்ல வேலை பார்க்கிறாங்க. 2023 சிங்கப்பூர் பட்ஜெட்ல ஒரு குச்சிக்கு 49.1 காசு வரின்னு ஆக்கினாங்க இல்லையா? அந்தக் கணக்குல பார்த்தா முப்பது குச்சிக்கு வரி மட்டுமே 14 வெள்ளி 73 காசு. மாசத்துக்கு 440 வெள்ளிக்கு மேல. வரி மட்டும்! அம்மா சம்பளத்துல பாதிக்கு மேல புகையா போகுது.

போன மாசம் லிஃப்ட் பழுதானப்ப மூணு மாடி ஏறினான். ஏறி முடிச்சு வாசல்லயே உட்கார்ந்துட்டான், மூச்சு வாங்குது, உதடு கறுத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட சண்டை போட்டேன். அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "அவனுக்கு வேலை இல்ல, கல்யாணம் இல்ல, கூட்டாளி இல்ல. அதாவது இருக்கட்டும்டி."

எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

கிளினிக்குக்குப் போனாலும் அதேதான். புகைக்கக் கூடாத எல்லையைத் தாண்டி ரோட்டோரம் நிக்கிறவங்க பாதிப் பேர் கையில சிகரெட். ஏன் இவங்க எல்லாரும் இவ்வளவு ஊதுறாங்க? அது இவங்களுக்கு உண்மையிலேயே ஒரு மருந்து மாதிரியா? நிறுத்தச் சொன்னா மறுபடியும் குரல் வந்துடுமா?

பாசிரிஸ்காரன் · செவ்வாய், இரவு 11:59

அக்கா, முதல்ல காசை நிறுத்துங்க. காசு இல்லன்னா எங்க வாங்குவான்? எங்க மாமாவை அப்படித்தான் நிறுத்தினோம், ஒரே நாள்ல. மூணு நாள் கத்தினார், நாலாம் நாள் அடங்கிட்டார். அம்மா பாசத்துல கொடுக்கிற ஒவ்வொரு பாக்கெட்டும் அவனை எங்க கொண்டு போகும்னு நீங்களே வாசல்ல பார்த்துட்டீங்க.

மாத்திரைச்சீட்டு · புதன், காலை 6:20

வேலைக்குக் கிளம்பும் முன் அவசரமாக எழுதுகிறேன். நான் மருந்தாளர். மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். மாமா குளோசபின் சாப்பிடவில்லை, தம்பி சாப்பிடுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

புகையிலை எரியும்போது வரும் தாரில் சில ரசாயனங்கள் உண்டு. அவை கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும். சிஒய்பி1ஏ2 என்பது அதன் பெயர். குளோசபினையும் அதே வகை மருந்தான ஒலான்சபினையும் உடைத்து வெளியேற்றுவது அதே நொதிதான். அதனால் புகைப்பவர் உடம்பில் மருந்து வேகமாகக் கரைந்துபோகிறது, மருத்துவர் அதற்கு ஏற்பக் கூடுதல் அளவு எழுதுகிறார். தம்பிக்கு இப்போது எழுதியிருக்கும் அளவு முப்பது சிகரெட் பிடிக்கும் தம்பிக்கான அளவு.

அவர் ஒரே நாளில் நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் அந்த நொதி தணிந்துவிடும். மாத்திரை அதேதான், ஆனால் ரத்தத்தில் மருந்து பாதிக்கு மேல்கூட ஏறலாம். அளவுக்கு மீறித் தூக்கம், தலைசுற்றல், வாயில் எச்சில் ஒழுகுதல், கடுமையான மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பு. இதைச் செய்வது புகை, நிக்கோட்டின் இல்லை. சிகரெட்டுக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ மெல்லும் நிக்கோட்டின் கம்மோ எடுத்தாலும் இந்த மாற்றம் வரத்தான் செய்யும்.

நிறுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. கட்டாயம் நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, மாத்திரையைக் குறைத்துக்கொண்டே நிறுத்த வேண்டும். மதியம் மீதி எழுதுகிறேன்.

பாசிரிஸ்காரன் · புதன், காலை 7:05

இது எனக்குத் தெரியாது. அக்கா, நான் சொன்னதை விட்டுடுங்க. மன்னிக்கணும்.

செங்காங்_தங்கம் · புதன், காலை 9:31

எம்ஆர்டி ரயில்ல நின்னுகிட்டே இதைப் படிச்சேன். கை நடுங்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தம்பிக்குக் குடல்வால் வெடிச்சு ஒரு மருத்துவமனையில பதினோரு நாள் கிடந்தான். வார்டுல சிகரெட் கிடையாது. அஞ்சாறு நாள்ல ஒரே தூக்கம், தலையணை நனையுற அளவுக்கு எச்சில். ஆபரேஷன் மயக்கம்னு நினைச்சோம். கேட்டப்ப "உடம்பு தேறினா சரியாயிடும்"னு சொன்னாங்க. அவன் எத்தனை சிகரெட் பிடிப்பான்னு யாருமே கேட்கல. நாங்களும் சொல்லல. கடைசியில யாரோ ஒருத்தர் மாத்திரையை மட்டும் குறைச்சாங்க. வீட்டுக்கு வந்தான், மறுபடி முப்பது சிகரெட். மூணாவது வாரம் குரல் வந்து, ராத்திரியெல்லாம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

நாங்க அதை நோயோட போக்குன்னு நினைச்சோம். அம்மா பயத்துல கோயில் கோயிலா அலைஞ்சாங்க.

மாத்திரைச்சீட்டு · புதன், மதியம் 1:12

நீங்கள் சொன்னது பாடப்புத்தகத்தில் வைக்கலாம் போன்ற நிகழ்வு. உள்ளே போகும்போது மருந்து ஏறுகிறது, வெளியே வந்ததும் இறங்குகிறது. நோய் திரும்பியதாக எழுதி மறுபடி உள்ளே சேர்ப்பார்கள். இந்தச் சுற்றில் சிக்கியவர்கள் எத்தனையோ பேர். இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "குளோசபின் சாப்பிடுகிறான், ஒரு நாளைக்கு இத்தனை சிகரெட்." அலர்ஜி இருந்தால் சொல்வது மாதிரி.

இன்னொன்று, உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஒரு நாளைக்கு ஏழு முதல் பன்னிரண்டு சிகரெட்டே அந்த நொதியை முழு வேகத்துக்குத் தூண்டப் போதும். ஆகவே முப்பதிலிருந்து இருபது, இருபதிலிருந்து பதினைந்து என்று இறங்கும்போது மருந்தின் அளவு பெரிதாக மாறாது. பத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் கவனமாகக் கண்காணிக்க வேண்டும். அதாவது, இன்றே குறைக்கத் தொடங்கலாம். பயப்படாமல்.

காப்பியையும் அதே நொதிதான் உடைக்கிறது. நிறுத்தியவருக்குப் பழைய கணக்கில் நாலு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) உள்ளே போனால் எட்டு குடித்தது போலப் படபடப்பு வரும். பலர் அதை நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். குளோசபின் அளவையும் காப்பி கொஞ்சம் ஏற்றும். கோப்பிக்கடையில் சிகரெட்டும் கோப்பியும் சேர்ந்தே போகும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பழைய_தாதி · புதன், இரவு 8:40

நான் ஓய்வு பெற்ற தாதி. மனநல வார்டில் பல வருஷம். எந்த மருத்துவமனை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்.

"ஏன் இவ்வளவு ஊதுறாங்க" என்று கேட்டீர்களே, தங்கச்சி. அதற்கு ஒரு பதில் நான்தான். காலையில் பல் தேய்த்தால் ஒன்று கொடுப்போம். படுக்கையை மடித்தால் ஒன்று. மாத்திரையை முழுங்கி நாக்கைக் காட்டினால் ஒன்று. கத்தினால் அன்றைக்கு இல்லை. அப்போது அது முறைப்படியான சிகிச்சை. நல்ல நடத்தைக்கு டோக்கன் கொடுத்து, டோக்கனுக்குப் பொருள் கொடுக்கும் முறை 1960களில் அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பொருள்களில் சிகரெட்டுக்குத்தான் மவுசு. வரும்போது புகைக்காத பையன்கள் சிலர் எங்களிடமிருந்து போகும்போது புகைத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிகரெட் பெட்டி என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் எண்ணி எண்ணிக் கொடுத்தேன்.

அமெரிக்காவில் 1992-ல் மருத்துவமனைகளுக்குள் புகைக்கத் தடை வந்தபோது மனநல வார்டுகளுக்கு மட்டும் விலக்கு வாங்கினார்கள். கேட்டவர்கள் நோயாளிகளின் நலன் விரும்பிகள். "பாவம், அவர்களுக்கு அது ஒன்றுதான்" என்ற அதே எண்ணம். உங்கள் அம்மா சொன்னதும் அதுதான், நாங்கள் இழுப்பறையைத் திறந்ததும் அதனால்தான். அம்மாவிடம் கோபப்படாதீர்கள். வெள்ளைச் சீருடை போட்ட நாங்களே அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எதில் செத்தார்கள் தெரியுமா? தற்கொலை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலும் மாரடைப்பு, நுரையீரல். ஐம்பது வயதுக்கு முன்னாலேயே. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது.

மூன்றாம்_ஆண்டு · புதன், இரவு 9:15

நான் உளவியல் படிக்கிற மாணவன். பெரியவங்க பேசுறப்ப குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நிக்கோட்டின் மனச்சிதைவுக்கு உதவும்னு படிச்சிருக்கேன். நமக்கு ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டா மூளை அதைத் தள்ளி வெச்சிடும். ஏர்கான் இரைச்சல் கொஞ்ச நேரத்துல காதுல விழாத மாதிரி. மனச்சிதைவுல அந்த வடிகட்டி சரியா வேலை செய்யாது. 1993-ல கொலராடோ ஆய்வாளர்கள் பார்த்தப்ப, புகைச்ச பிறகு கொஞ்ச நேரம் அது சீராகுதுன்னு தெரிஞ்சது. பழைய மருந்துகள் மந்தமாக்கிடும், நிக்கோட்டின் அந்த மந்தத்தைக் கொஞ்சம் தெளிவாக்குதுன்னும் சொல்றாங்க. அப்ப அவங்க தங்களுக்குத் தாங்களே மருந்து கொடுத்துக்கிறாங்கன்னு எடுத்துக்கலாமா?

மாத்திரைச்சீட்டு · புதன், இரவு 10:02

தம்பி, நல்ல கேள்வி. அந்த ஆய்வு உண்மை. ஆனால் "கொஞ்ச நேரம்" என்று நீங்களே எழுதினீர்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிஷத் தெளிவுக்காக நாள் முழுக்க முப்பது முறை பற்றவைக்கிறார்கள். அப்படியும் குரல் நின்றதாக யாரும் காட்டவில்லை. நோயாளிகளில் இவ்வளவு பேர் புகைக்கிறார்கள், இது மருந்தாக இருந்தால் வார்டுகள் காலியாக அல்லவா இருக்க வேண்டும்?

"தனக்குத் தானே மருந்து" என்ற பேச்சு பரவியதில் புகையிலை நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. வழக்குகளுக்குப் பிறகு வெளியான அவர்களுடைய உள் ஆவணங்களைப் படித்து 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் புகை நல்லது, அவர்களுக்கு அதன் தீங்கு குறைவு என்ற கருத்துக்கு ஆதரவான ஆய்வுகளுக்கு அவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைத் தடைக்கு எதிராகவும் முயன்றிருக்கிறார்கள்.

அடுத்து, எது முதலில் வந்தது என்பது. 2015-ல் 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் முறையாக மனநோய் வெளிப்பட்டு மருத்துவரிடம் வந்தபோதே 57 விழுக்காட்டினர் ஏற்கெனவே புகைத்துக்கொண்டிருந்தார்கள். நோயைத் தணிக்கத் தொடங்கினார்கள் என்றால் நோய்க்குப் பிறகுதானே தொடங்கியிருக்க வேண்டும்? மரபணுவிலும் பொதுவான வேர் இருக்கிறது. புகையே மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லும் மரபணு ஆய்வுகளும் வந்துவிட்டன. ஒரே காரணம் என்று எதையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் "அது அவர்களுக்கு மருந்து" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செங்காங்_தங்கம் · புதன், இரவு 10:20

தம்பி சிகரெட் பழகினது கேம்ப்ல. குரல் வந்தது அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு. இத்தனை நாளா எனக்கு அது மாறித்தான் ஞாபகத்துல இருந்தது.

ஈசூன்_காற்று · வியாழன், அதிகாலை 5:10

தங்கச்சி, நான் வேற பக்கத்திலிருந்து வர்றவன். எனக்கு 52. ஹெராயின். ரெண்டு தடவை போதைப்பொருள் மறுவாழ்வு நிலையம். இப்ப சுத்தமா இருந்து பதினோரு வருஷம் ஆச்சு.

உள்ள சிகரெட் கிடையாது. மாசக்கணக்குல ஒண்ணுகூட இல்லாம இருந்தேன். உடம்பு அதை மறந்தே போச்சு. வெளிய வந்த அன்னிக்கு என் மச்சான் கேட்டுக்கு வெளிய கார்ல காத்திருந்தான். நான் ஏறினதும் முதல் வேலையா ஒரு சிகரெட்டைப் பத்தவெச்சு என் வாயில வெச்சான். அன்பாத்தான் செஞ்சான். அவன் கண்ணு கலங்கியிருந்தது.

எங்க ஆளுங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு. "தூளையே விட்டுட்ட, சிகரெட் என்னடா பெரிசு, அதாவது இருக்கட்டும்." உங்க அம்மா சொன்ன அதே வார்த்தை. படிச்சப்ப எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்தது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல விட்டா தாங்க மாட்டான், திரும்பப் போயிடுவான்னு பயம். ஆலோசகருங்ககூட அப்ப அப்படித்தான் சொல்வாங்க.

எனக்கு நடந்தது என்னன்னா, ரெண்டாவது தடவை நான் விழுந்ததே சிகரெட் வழியாத்தான். ஊத ஒரு இடம் வேணும், அங்க பழைய ஆளுங்க நிப்பாங்க. "லைட்டர் இருக்கா"ன்னுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதுல இருந்து பீர், பீர்ல இருந்து மீதி. கைக்கும் வாய்க்கும் அந்தப் பழக்கம் ஒண்ணா கட்டிப்போட்டிருக்கு, ஒரு நூலை இழுத்தா மத்ததும் வரும்.

அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். குடியை விட உதவுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பில் வில்சன். 1934-ல குடியை விட்டவர், சாகுற வரைக்கும் தொடல. ஆனா சிகரெட்டை விட முடியாம நுரையீரல் நோய்லதான் 1971-ல போனார். அமெரிக்காவுல குடிக்கு சிகிச்சை எடுத்த 845 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 1996-ல ஒரு ஆய்வு வந்தது. இறந்தவங்கள்ல பாதிக்கு மேல, 50.9 விழுக்காடு, புகையிலையால வந்த நோய். குடியால 34.1. குடிக்கு வைத்தியம் பார்த்துட்டு சிகரெட்டுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடுச்சு.

"சேர்த்து விட்டா திரும்பிப் போயிடுவான்"ங்கிறதும் தப்பு. 2004-ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. போதை சிகிச்சையோட சிகரெட்டுக்கும் உதவி செஞ்சா, நீண்ட நாள் சுத்தமா இருக்கிற வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதுன்னு வந்தது. இதை எனக்கு முதல் தடவையே யாராவது சொல்லியிருந்தா என் ரெண்டாவது தடவை நடந்திருக்காதோன்னு இப்பவும் ராத்திரில நினைப்பேன்.

தம்பி நிக்கிற மஞ்சள் கட்டத்துல யார் யார் இருக்காங்கன்னு ஒரு நாள் போய்ப் பாருங்க. கோவமா இல்ல, சும்மா கோப்பி வாங்கிட்டுப் போய் உட்காருங்க.

மழைக்கால_மாடி · வியாழன், இரவு 12:34

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நான் பெண். ஆசிரியை. என் அம்மாவுக்கு நான் புகைத்தது இன்றுவரை தெரியாது.

மனச்சோர்வுக்கு ஐந்து வருஷம் மருந்து எடுத்தேன். அந்தக் காலத்தில்தான் பழகினேன். எல்லாரும் தூங்கியபின் சமையலறை ஜன்னல் ஓரம், எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டு. ஒரு இந்தியப் பெண் கையில் சிகரெட்டோடு நின்றால் நம்மவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே யாரிடமும் உதவி கேட்கவில்லை. மனச்சோர்வைச் சொல்ல முடிந்தது. இதைச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சிகரெட் இல்லாவிட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன். பற்றவைத்த பத்துப் பதினைந்து நொடியில் நெஞ்சு இறங்கும். அது மருந்தில்லை என்று யார் சொன்னாலும் சிரித்திருப்பேன். பிறகு ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நிக்கோட்டின் உடம்பில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையும்போது எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, மனம் கனப்பது எல்லாம் வரும். மனச்சோர்வின் அறிகுறியும் அதேதான். எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தை அணைக்கும். அணைத்தது மட்டும் நினைவில் நிற்கும். மூட்டியதும் அதுதான் என்பது தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் பத்து முறை நோயை உண்டாக்கிப் பத்து முறை குணமாக்கிக்கொண்டிருந்தேன்.

நிறுத்திய முதல் வாரம் நரகம். இரண்டாவது வாரம் வகுப்பில் ஒன்றுமில்லாததற்கு அழுதேன். என் மருத்துவர் அந்த மாதம் வாராவாரம் வரச் சொன்னார், அது இல்லாவிட்டால் முடிந்திருக்காது. நாலாவது வாரம் ஒரு காலை எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. பல வருஷத்தில் முதல் முறை. 2014-ல் 26 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள், நிறுத்தியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன, அந்த நன்மை மனச்சோர்வு மாத்திரை தரும் அளவுக்குக் குறையாதது என்று. மனநோய் இருந்தவர்களுக்கும் அதேதான். இதை நான் என் உடம்பில் பார்த்தேன்.

உங்கள் தம்பியின் நோய் வேறு, என்னுடையது வேறு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனால் அவர் விரும்பவே மாட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

செங்காங்_தங்கம் · வியாழன், இரவு 12:51

இல்ல. நாங்க யாருமே கேட்டதில்ல.

பாசிரிஸ்காரன் · வெள்ளி, காலை 8:02

வேப்புக்கு, அதான் மின்சிகரெட்டுக்கு, மாத்தினா கெடுதல் குறையும்னு சொல்றாங்களே? நல்ல எண்ணத்துலதான் கேட்கிறேன்.

ஈசூன்_காற்று · வெள்ளி, காலை 8:30

வேண்டாம் தம்பி. இங்க 2018 பிப்ரவரியிலிருந்து வெச்சிருந்தாலே குற்றம். கள்ளத்தனமா வர்ற கேபொட்ங்கிற வேப்புக் குப்பியில எடோமிடேட் கலக்கிறாங்க, அது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்து. 2025 செப்டம்பர் 1-ல அதைப் போதைப்பொருள் பட்டியல்லயே சேர்த்தாங்க. ஏற்கெனவே குரல் கேட்கிற பிள்ளை கையில அது போச்சுன்னா என்ன ஆகும்னு நினைக்கவே பயமா இருக்கு.

மாத்திரைச்சீட்டு · வெள்ளி, மதியம் 12:45

சட்டப்படி இருக்கும் வழிகளே போதும். நிக்கோட்டின் பட்டையும் கம்மும் மருந்தகத்தில் கிடைக்கும். 1992-ல் சூயிங்கம்மைத் தடை செய்த ஊர் இது. 2004-ல் விலக்குக் கொடுத்தபோது உள்ளே வந்தவற்றில் இந்த நிக்கோட்டின் கம்மும் ஒன்று. மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைகளும் உண்டு. முன்பு மனநோயாளிகளுக்கு அவற்றைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள், மனநிலை கெடும் என்ற அச்சம். 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில் 8,144 பேர், ஏறத்தாழ பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். பட்டை, புப்ரோப்பியான் மாத்திரை, வரெனிக்ளின் மாத்திரை மூன்றையும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மனநலப் பக்கவிளைவு குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. தம்பிக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குளோசபினோடு வலிப்பு அபாயம் இருப்பதால் புப்ரோப்பியான் பற்றி நீங்களாக எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

புகையை விட உதவும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டம் 28 நாள் கணக்கு. மனச்சிதைவு உள்ளவருக்கு 28 நாள் போதாமல் போகலாம். போதாவிட்டால் தோற்றதாக அர்த்தமில்லை.

செங்காங்_தங்கம் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6:15

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

ஈசூன் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு சனிக்கிழமை கோப்பி வாங்கிட்டு மஞ்சள் கட்டத்துல போய் உட்கார்ந்தேன். எனக்குப் புகை ஒத்துக்காது, இருந்தாலும் உட்கார்ந்தேன். ஒரு சீன அங்கிள், ரெண்டு பங்களாதேஷ் தம்பிங்க, ஒரு மலாய் டாக்ஸிக்காரர். எல்லாரும் என் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அங்கிள் அவன்கிட்ட நேத்து ராத்திரி பந்து ஆட்டம் பத்திக் கேட்டார். தம்பி பதில் சொன்னான். அவ்வளவு நீளமா அவன் பேசி நான் பல வருஷமா கேட்டதில்ல. யாரும் அவனை ஒரு மாதிரி பார்க்கல. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திட்டு அழுதேன். அம்மா அவனுக்குக் கூட்டாளி இல்லன்னு சொன்னாங்களே, இருந்தாங்க. அங்க மட்டும்தான் இருந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட கேட்டேன், நிறுத்தணும்னு நினைச்சிருக்கியா? ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "மாடிப்படி ஏறணும்"னான். அவ்வளவுதான் சொன்னான்.

மருத்துவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னோம், அந்தப் பதினோரு நாள் கதையையும். அவர் கேட்டுக்கிட்டே எழுதினார். குளோசபின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தாங்க. பட்டை எழுதிக் கொடுத்தார். பத்துக்குக் கீழ போகும்போது மறுபடி ரத்தம், அப்பதான் மாத்திரையைத் தொடுவோம்னு சொன்னார். அதுவரைக்கும் கோப்பிக்கடைக்குப் போறதை நிறுத்த வேண்டாம், போய் உட்காரட்டும், கையில கோப்பி மட்டும் இருக்கட்டும்னார். கோப்பியும் நாலுலேர்ந்து ரெண்டாக்கியிருக்கோம்.

அம்மாவுக்கு ஆரம்பத்துல ஒப்பவே இல்ல. பழைய தாதி அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். இழுப்பறை வந்த இடத்துல என்னை நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாங்க. ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி பென்சில்ல ஒரு எண் எழுதியிருந்தாங்க. 26. அன்னிலேர்ந்து தினமும் எழுதுறாங்க. நேத்து 17.

ஒரு சின்னக் கேள்வி. பட்டை வேர்வையில உரிஞ்சு உரிஞ்சு வருது. டேப் போட்டு ஒட்டலாமா? கம்மும் வாங்கினோம், ஆனா தம்பி சாதா கம் மாதிரி மென்னுட்டு நெஞ்சு எரியுதுங்கிறான்.

மாத்திரைச்சீட்டு · ஞாயிறு, இரவு 9:03

டேப் போடலாம், மருந்தகத்தில் கிடைக்கும் துணி டேப். ஆனால் முதலில் ஒட்டும் இடத்தைப் பாருங்கள். குளித்த உடனே வேண்டாம், உடம்பு நன்றாகக் காய்ந்து வேர்வை அடங்கியபின். தோள்பட்டைக்குக் கீழே மேல்கை, அல்லது முதுகின் மேல்புறம், முடி இல்லாத இடம். எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டியபின் உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள், தோல் அரிக்காது.

கம்மைத் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் சுருக்கென்று வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். சாறை முழுங்கினால்தான் நெஞ்சு எரிகிறது. கம் போடுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலிருந்து கோப்பி வேண்டாம், வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் சரியாக உள்ளே ஏறாது. ஆகவே கோப்பிக்கடையில் முதலில் கோப்பி, அங்கிளோடு பேச்சு, அப்புறம் கம்.

பழைய_தாதி · ஞாயிறு, இரவு 9:40

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தக் காலண்டர் தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம் என்று. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போகட்டும்.